நடைவீதியும் நாலுநாள் முகப்பும்

விழா வருகின்றதென்றால், வீட்டிற்கு முன்னர் வீதியே தன் முகத்தை மாற்றிக்கொள்கின்றது. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையிலே, காவிரிப்பூம்பட்டினத்து மக்களுக்கு இந்திரவிழாவின் வருகையை முரசறைந்து அறிவிப்பவன் கூறுவது இந்த முகமாற்றத்தையே ஆகும். பூரணகும்பங்களையும் பாலிகைகளையும் பாவைவிளக்குகளையும் எங்கும் வைக்குமாறும், காய்க்குலையோடு கூடிய கமுகையும் வாழையையும் கரும்பையும் நடுமாறும், மாடங்களிலும் வாயில்களிலும் கொடிகளைக் கட்டுமாறும் அவன் நகரத்தாரைக் கேட்டுக்கொள்கின்றான். வீதிகளிலே கிடக்கும் பழைய மணலை அகற்றிவிட்டுப் புதிய மணலைப் பரப்பவேண்டும் என்பதும் அவன் அறிவிப்பில் அடங்கும். அவ்விழா 28 நாள் நிகழ்வது. அதன்பின் குலைகள் வாடும்; கொடிகள் இறங்கும்; புதுமணலும் பழமணலாகும்.

இவ்வறிவிப்பிலே கருதத்தக்கவை இரண்டு. நகரத்துக்கு அணிசெய்யும் அந்த முகப்பு நிலையானதன்று என்பது ஒன்று. அதனை எழுப்புவோரும் காண்போரும் அவ்வீதியிலே நடந்து திரியும் மக்களே என்பது மற்றொன்று. கல்லாலும் சுண்ணத்தாலும் அமைந்த முகப்புக் கட்டடத்தின் உடைமை. மரச்சட்டத்தாலும் துணியாலும் இலையாலும் விளக்காலும் அமைந்த முகப்போ வீதியின் உடைமை. அது நிலைத்து நில்லாமையால் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு நகரத்திலே எவர் எவருக்கு எதனைச் சொல்ல விரும்பினர், சொல்லப்பட்டோருக்கு மறுமொழி கூற இடமிருந்ததா என்னும் வினாக்களுக்கு அரண்மனைச் சுவர்களைவிட இத்தகைய நாலுநாள் முகப்புகளே தெளிவாக விடை தருகின்றன. ஐரோப்பாவிலே மூன்று நகரங்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். அவை அன்ற்வேர்ப், கோப்பன்ஹேகன், பேர்லின் என்பன.

ஷெல்ட் ஆற்றங்கரையிலுள்ள அன்ற்வேர்ப் நகரம் இன்று பெல்ஜியம் நாட்டுக்குரியது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே அது ஐரோப்பாவின் தலைசிறந்த வணிகத் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிற்று. போர்த்துக்கேயர் கீழைத் தேசங்களிலிருந்து கொணர்ந்த மிளகும் வாசனைப் பொருள்களும், ஆங்கிலேயரின் கம்பளித் துணிகளும், ஜேர்மானியரின் வெள்ளியும் செம்பும் அங்கே கைமாறின. 1585ஆம் ஆண்டிலே அந்நகரம் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. அதன்பின், ஆற்றின் முகத்துவாரத்தைத் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்த ஒல்லாந்தர் கடற்கப்பல்கள் மேலேறிச் செல்லாதபடி வழியை அடைத்துவிட்டனர். பின்னர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தரே இவர்கள். கப்பல் வராத துறைமுகம் எப்படிப் பிழைக்கும்? வணிகர் பலர் வடக்கே அம்ஸ்ரடாமுக்குக் குடிபெயர்ந்தனர், மாலுமிகள் வேலையிழந்தனர்.

இந்த நிலையிலே, ஸ்பானிய மன்னன் நான்காம் பிலிப்பின் தம்பியாகிய இளவரசன் பேர்டினண்ட் அந்நாட்டுக்கு ஆளுநனாக அனுப்பப்பட்டான். வரும் வழியிலே 1634 செப்ரெம்பரில் நோர்ட்லிங்கன் என்னுமிடத்திலே பெரும் போரொன்றிலும் அவன் வெற்றிபெற்றிருந்தான். புதிய ஆளுநனை வீதிகளிலே வளைவுகளும் மேடைகளும் எழுப்பி வரவேற்பது அந்நாட்டு மரபு. அம்முகப்புகளை அமைக்கும் பொறுப்பை அன்ற்வேர்ப் நகரசபை அந்நகரத்து ஓவியரான பீற்றர் போல் ரூபென்சிடம் ஒப்படைத்தது. அப்போது அவருக்கு வயது 57. அவர் ஓவியர் மட்டுமல்லர். ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சமாதானம் ஏற்படத் தூது சென்றவருமாவார். போரினால் ஒரு நகரம் எவ்வாறு வாடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

வேலை மாரிகாலத்திலே தொடங்கிற்று. இளவரசனின் வருகை பலமுறை பிற்போடப்பட்டமை கலைஞருக்கு வாய்ப்பாயிற்று. ரூபென்ஸ் ஒவ்வொரு முகப்புக்கும் சிறிய பலகையிலே எண்ணெய் வண்ணத்தால் மாதிரி தீட்டினார். தச்சர் அதனைக் கொண்டு பல மாடி உயரமான மரச்சட்டங்களை எழுப்பினர். யாக்கோப் யோர்டான்ஸ், கோர்னேலிஸ் டி வோஸ் முதலிய ஓவியர் பலர் அம்மாதிரிகளைப் பென்னம்பெரிய துணிகளிலே வரைந்தனர். மரத்தூண்கள் பளிங்குத் தூண்கள்போல் வண்ணம் பூசப்பெற்றன. ஏறக்குறைய நகரத்துக் கைவினைஞர் கூட்டம் முழுவதும் அம்மாதங்களிலே ஒரே பணியில் ஈடுபட்டிருந்தது எனலாம். செலவும் நகரசபை எதிர்பார்த்ததிலும் மிகுதியாயிற்று.

1635 ஏப்பிரல் 17ஆம் நாள் இளவரசன் நகரத்துள் நுழைந்தான். முதலிலே அவன் கண்டவை வழக்கமான புகழுரைகளே. அவனது குலத்தின் பெருமையும், அவன் பெற்ற வெற்றியும், அவனைக் கண்டு மகிழும் நகரமும் அங்கே தீட்டப்பட்டிருந்தன. ஆனால், துறைமுகத்தை அண்மித்த பாலத்தருகே அவன் சென்றபோது வேறுவகையான முகப்பொன்று எதிர்நின்றது. நடுவிலே வணிகத்தின் தெய்வமாகிய மேர்க்குரி, தான் நின்ற பீடத்தைவிட்டு மேலெழுந்து பறந்து செல்ல முனைகின்றான். அன்ற்வேர்ப் நகரமாகிய பெண் மண்டியிட்டு, அவன் போவதைத் தடுக்குமாறு மன்றாடுகின்றாள். ஷெல்ட் நதியின் தெய்வமோ காலிலே தளையோடு கண்ணயர்ந்து கிடக்கின்றது. அருகே கவிழ்த்துப்போட்ட ஓடத்திலே மாலுமி ஒருவன் வேலையின்றி உறங்குகின்றான். ஒரு பக்கத்திலே நகரம் இழந்துவிட்ட செல்வமும், மறுபக்கத்திலே அதனைச் சூழ்ந்த வறுமையும் உருவங்களாக நின்றன.

மற்றொரு முகப்பு உரோமரின் யானஸ் கோயிலைக் காட்டிற்று. போர்க்காலத்திலே அக்கோயிலின் கதவுகள் திறந்திருக்கும். சமாதான காலத்திலே அவை மூடப்படும். ரூபென்ஸ் வரைந்த படத்திலே கதவு பிளந்து போர்வெறி வெளியே பாய்கின்றது. சமாதான தேவதையும், சில காலத்துக்கு முன்னர் இறந்துபோன முன்னைய ஆட்சியாளரான இசபெல்லா அரசியும் அக்கதவை மூடுவதற்குத் தம் வலிமையெல்லாம் சேர்த்துத் தள்ளுகின்றனர். வரவேற்பு என்ற பெயரிலே அந்நகரம் தன் மனுவை வீதியின் நடுவிலே விரித்துவைத்தது. இளவரசனின் அவையிலே நகரசபையார் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியிருக்க முடியுமோ என்பது ஐயமே. வளைவு பேசினால் அது விழாக்கோலம். அதற்காக எவரையும் தண்டிக்க இயலாது.

அம்மனுவுக்கு விடை கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றே வரலாறு கூறுகின்றது. அடுத்த மாதமே பிரான்ஸ் ஸ்பெயினின்மேல் போர் தொடுத்தது. யானஸ் கோயிலின் கதவு மூடப்படவில்லை. பேர்டினண்ட் 1641இல் இறந்தான். 1648ஆம் ஆண்டு மூன்ஸ்ரர் உடன்படிக்கை ஷெல்ட் ஆற்றின் அடைப்பை உறுதிசெய்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் வரும்வரைக்கும் அந்நதி திறக்கப்படவில்லை. ரூபென்சைப் பொறுத்தவரையில் ஒரு செய்தி உண்டு. விழா நாளன்று அவர் கீல்வாத நோயினால் வீட்டிலே முடங்கிக் கிடந்தார்; இளவரசன் அவ்வீட்டுக்கே சென்று அவரைக் கண்டான். முகப்புகள் பின்னர் பிரிக்கப்பட்டன. அவற்றின் ஓவியங்கள் சிலவும், மாதிரிப் படங்கள் சிலவும், 1642இல் வெளியான பெரிய செப்புத்தகட்டுப் பட நூலொன்றுமே எஞ்சின.

அன்ற்வேர்ப் முகப்பு அழகாகப் பேசிற்று; துணிந்தும் பேசிற்று. ஆனால் அது ஒருவனை நோக்கியே பேசிற்று. வீதியோரத்திலே நெருங்கி நின்ற மாலுமியும் மீன்காரியும் தங்கள் துன்பம் ஓவியமாக நிற்பதைக் கண்டனர்; அதனோடு ஒரு சொல் சேர்க்க அவர்களுக்கு வழியில்லை. குதிரைமேல் சென்றவன் நின்றான், பார்த்தான், சென்றான். இந்தக் குறை நீங்க வேண்டுமாயின் இரண்டு மாற்றங்கள் நிகழவேண்டியிருந்தது. வீதி நடப்போர் கைக்கு வரவேண்டும். முகப்பு அவர்களுக்குச் செவிசாய்க்கவேண்டும். முதலாவது மாற்றத்துக்கு 300 ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இடைக்காலத்திலே வீதியின் நிலை மேலும் தாழ்ந்தது என்றே சொல்லவேண்டும். 20ஆம் நூற்றாண்டிலே மோட்டார் வண்டிகள் பெருகின. நடந்து சென்றோர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்பவனுக்கு வாயிற்படியின் வேலைப்பாடும் சாளரத்தின் அழகும் எதற்கு? அவன் கண்ணிற் படுவன பெரிய எழுத்துகளும் பெரிய சுவர்களுமே. ஆகவே முகப்புகளும் அவனுக்கேற்றவாறு மொட்டையாயின. போரினால் அழிந்த நகரங்கள் சிலவே முதலில் வேறு வழி தேடின. 1940 மே மாதத்திலே குண்டுவீச்சினால் நடுநகரத்தை இழந்த ரொட்டர்டாம், 1953இல் லைன்பான் என்னும் கடைவீதியை வண்டிகள் நுழையாதபடி புதிதாக அமைத்தது. எனினும், பழைய வீதியொன்றை வண்டிகளிடமிருந்து மீட்டெடுத்து உலகின் கவனத்தை ஈர்த்த பெருமை டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனுக்கு உரியது.

அந்நகரின் நடுவே ஸ்ட்ரோயட் என்று வழங்கும் வீதித்தொடர் ஏறக்குறைய 1.1 கிலோமீற்றர் நீளமானது. நத்தார்க் காலத்திலே அலங்காரங்களோடு அதனைச் சில நாள் வண்டிகளுக்கு மூடிவைப்பது வழக்கம். 1962 நவெம்பர் 17ஆம் நாள், பரீட்சார்த்தமாக என்று அறிவித்து, நகரசபை அவ்வீதியை மூடிற்று. இம்முயற்சிக்கு முன்னின்றவர் அல்பிரெட் வாசார்ட் என்னும் நகரத் தலைவர். வண்டிகள் வராவிட்டால் வாடிக்கையாளரும் வரார் என்று கடைக்காரர் அஞ்சினர். வெயிலிலே வீதியில் உலவி மகிழ்வது இத்தாலியருக்கு இயல்பு. குளிர்நாட்டினராகிய தமக்கு அது ஒவ்வாது என்றும் பலர் வாதித்தனர். மக்களோ வந்து நிறைந்தனர். வணிகமும் குன்றவில்லை. 1964ஆம் ஆண்டிலே அவ்வேற்பாடு நிரந்தரமாக்கப்பட்டது. நாலுநாள் ஒழுங்கு என்று தொடங்கியமையாலேயே அது உயிர் தப்பிற்று என்பது கருதத்தக்கது. நிலையான மாற்றம் என்று முதல்நாளே கூறியிருந்தால், எதிர்ப்பு அதனை முளையிலேயே கிள்ளியிருக்கக்கூடும்.

அவ்வீதியிலே மக்கள் எவ்வாறு நடக்கின்றனர், எங்கே நிற்கின்றனர் என்பதை யான் கேல் என்னும் இளம் கட்டடக் கலைஞர் ஆண்டுக்கணக்கிலே குறித்துவந்தார். 1971இல் அவர் வெளியிட்ட நூல் பின்னர் பல மொழிகளிலே பெயர்க்கப்பட்டது. அவர் கண்ட உண்மைகள் எளியன. ஆனால் அதற்குமுன் எவரும் எண்ணிப் பாராதன. வங்கிகள், அலுவலகங்கள் ஆகியவற்றின் முன்னே மக்கள் நிற்பதில்லை, விரைந்து கடக்கின்றனர். விளையாட்டுப் பொருட் கடையின் முன்னும், படங்கள் வைத்த காட்சிச் சாளரத்தின் முன்னும் நிற்கின்றனர். கட்டடவேலை நடைபெறும் இடத்திலே பலர் நின்று பார்ப்பர். வேலையாட்கள் இல்லாத வேளையிலோ அவ்வளவு பேர் நிற்பதில்லை. இசைத்தட்டுக் கடையின் ஒலிபெருக்கி பாடினால் எவரும் திரும்பிப் பாரார். பாடகன் ஒருவன் நேரே நின்று பாடத் தொடங்கினால் உடனே கூட்டம் சேரும். தரையிலே ஓவியன் ஒருவன் படம் வரையும்போது சுற்றி நின்று பார்ப்பர். அவன் எழுந்து சென்றபின் அதே படத்தைத் தயக்கமின்றி மிதித்துச் செல்வர்.

இதனால் பெறப்படுவது யாது? மனிதனை நிற்கவைப்பது படமன்று. படத்தின் பின்னேயுள்ள மனிதனே. வீதியை உயிர்ப்பிக்க எழுப்பப்படும் எந்த முகப்பும் இந்த உண்மையை மறந்தால், சிலநாள் புதுமையாய் இருந்து, பின்னர் வங்கிச் சுவர்போலாகிவிடும். மேலும், நடப்பவனின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீற்றர். அந்த வேகத்திலே செல்பவனுக்குச் சில விநாடிக்கொருமுறை புதிய காட்சி தேவை. ஆகவே 100 மீற்றர் தூரத்திலே 15 முதல் 20 வரையான வாயில்கள் உள்ள வீதியே நடக்க இனியது என்பதும் கேல் கண்ட முடிபு.

வீதியை மீட்பதற்கு எவ்வளவு சிறிய பொருளும் போதும் என்பதற்குப் பிரேசில் நாட்டுக் குரிச்சிபா நகரம் ஓர் எடுத்துக்காட்டு. 1972 மே மாதத்திலே, நகர பிதாவாகிய ஜெய்மி லேர்னர், வணிகர் வழக்குமன்றம் செல்வதற்குமுன், வார இறுதியோடு சேர்ந்த 72 மணிநேரத்துள் அந்நகரின் முக்கிய வீதியை நடைவீதியாக்கினார். சினங்கொண்ட மோட்டார் வண்டிக்காரர் சிலர் அடுத்த வாரம் வண்டிகளோடு வந்து வீதியைத் திரும்பக் கைப்பற்றுவோம் என்றனர். அவர் பொலீசாரை நிறுத்தவில்லை. வீதி நெடுகிலும் நீண்ட கடதாசிச் சுருள்களை விரித்து, சிறுவர்களை அழைத்துப் படம் வரையவைத்தார். வண்டிக்காரர் வந்து பார்த்துத் திரும்பிச் சென்றனர். அன்ற்வேர்ப்பிலே பெரும் ஓவியன் துணியிலே எழுதிய மனு பயன்படவில்லை. குரிச்சிபாவிலே குழந்தைகள் கடதாசியிலே எழுதியது பயன்பட்டது. பின்னதிலே எழுதியோர் அங்கேயே அமர்ந்திருந்தனர் என்பதே வேறுபாடு.

இனி இரண்டாவது மாற்றத்துக்கு வருவோம். செவிசாய்க்கும் முகப்பு 2001ஆம் ஆண்டிலே பேர்லின் நகரிலே தோன்றிற்று. முன்னாள் கிழக்கு பேர்லினின் நடுவிலுள்ள அலெக்சாண்டர் சதுக்கம், வண்டிகளை விலக்கி நடப்போருக்காக அமைக்கப்பெற்ற பெருவெளி. 1989 நவெம்பர் 4ஆம் நாள், பேச்சுரிமையும் கூட்டமுரிமையும் வேண்டிப் பல இலட்சம் மக்கள் கூடிய இடமும் அதுவே; ஐந்து நாளுக்குப் பின் பேர்லின் மதில் திறந்தது. அச்சதுக்கத்தின் ஓரத்திலே ஆசிரியர் இல்லம் என்னும் உயர்ந்த கட்டடம் நிற்கின்றது. ஹேர்மன் ஹென்செல்மன் என்னும் கலைஞர் அமைத்த அக்கட்டடம் 1964இல் நிறைவுபெற்றது. அதன் கீழ்மாடிகளிலே, கட்டடத்தை நாற்புறமும் சூழ்ந்து, இரண்டு மாடி உயரத்துக்கு வண்ணக் கற்படமொன்று பதிக்கப்பெற்றுள்ளது. வால்டர் வோமக்கா என்பவர் அமைத்த அப்படத்தின் பெயர் ‘எங்கள் வாழ்வு’. அன்றைய பொதுவுடைமை அரசு, மக்களின் வாழ்வு எத்தகையது என்பதை மக்களுக்கே எடுத்துரைத்த முகப்பு அது. அதற்கு மறுமொழி கூற எவருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

2001இலே அக்கட்டடம் புதுப்பிக்கப்படுவதற்காகக் காலியாயிருந்தது. ஜேர்மனியிலே கணினித்துறை ஆர்வலர் சேர்ந்த கேயாஸ் கணினிக் கழகம் தன் 20ஆவது ஆண்டு நிறைவை அங்கே கொண்டாட முடிவுசெய்தது. மேலுள்ள 8 மாடிகளிலும், மாடிக்கு 18 ஆக, 144 சாளரங்கள் வரிசையாக அமைந்திருந்தன. அவற்றின் கண்ணாடிகளுக்கு உட்புறம் வெண்பூச்சுப் பூசி, ஒவ்வொன்றின் பின்னும் கட்டட வேலைத்தலங்களிலே பயன்படும் சாதாரண விளக்கொன்றை வைத்தனர். எல்லா விளக்குகளும் ஒரு கணினியுடன் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு சாளரமும் எரியும் அல்லது அணையும். அவ்வளவே அதனாற் செய்யக்கூடியது. செப்ரெம்பர் 11ஆம் நாள் அது இயங்கத் தொடங்கிற்று. உலகம் வேறொரு துயரச் செய்தியினால் அதிர்ந்திருந்த நாள் அது.

அம்முகப்பின் சிறப்பு விளக்குகளிலே இல்லை. சதுக்கத்திலே நின்ற எவரும் தம் கைத்தொலைபேசியால் ஓர் எண்ணை அழைத்து அம்முகப்போடு விளையாடலாம். தொலைபேசியின் பொத்தானை அழுத்தினால், கட்டடத்திலே வெளிச்சக் கோலொன்று மேலும் கீழும் நகர்ந்து வெளிச்சப் பந்தைத் தட்டும். இரண்டாவது ஒருவரும் அழைத்தால், இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடலாம். வீட்டிலிருந்தோர் சிறு அசையும் படங்களை ஆக்கி அனுப்பினர். காதலர் தம் அன்புச் செய்தியை முன்னரே அனுப்பிவைத்து, உரியவரைச் சதுக்கத்துக்கு அழைத்துவந்து, தொலைபேசியிலே குறிப்பெண்ணை அழுத்தி அதனைக் கட்டடம் முழுவதும் ஒளிரச் செய்தனர். கீழே அரசு பதித்த ‘எங்கள் வாழ்வு’; மேலே மக்கள் தாமே எழுதிய வாழ்வு. கீழே உள்ளது இலட்சக்கணக்கான கற்றுண்டுகளாலானது. மேலே இருந்தது 144 சாளரங்களே. ஆயினும், குளிர்காலத்து இரவுகளிலே மக்களை நின்று பார்க்கவைத்தது மேலே இருந்ததே.

2002 பெப்ரவரி 23ஆம் நாளோடு அம்முகப்பு அணைந்தது. அவ்வாண்டே பாரிஸ் நகரத்துத் தேசிய நூலகக் கோபுரமொன்றிலே 520 சாளரங்களைக் கொண்டும், 2008இல் கனடாவின் ரொறொன்ரோ நகர மண்டபத்தின் இரு கோபுரங்களிலே 960 சாளரங்களைக் கொண்டும் அதே குழுவினர் இத்தகைய முகப்புகளை அமைத்தனர். அவையும் சில நாளே நின்றன.

இன்று உலகின் பெருநகரங்களிலே ஒளிரும் திரைகளுக்குப் பஞ்சமில்லை. கட்டடத்தின் ஒரு பக்கம் முழுவதையும் மூடும் திரைகள் இரவு பகலாக ஒளிர்கின்றன. அவற்றின் விளக்குகள் பேர்லினின் விளக்குகளைவிடப் பல்லாயிரம் மடங்கு மிகுதியானவை. வண்ணமோ சொல்லத் தேவையில்லை. ஆயினும், அவற்றுட் பெரும்பாலானவை கேலின் வீதியிலே ஒலித்த ஒலிபெருக்கியைப் போன்றவை. அவை விற்கின்றன, கேட்பதில்லை. வண்டியில் விரைபவனின் கண்ணை நோக்கி அமைந்தமையால், அருகே நடப்பவனுக்கு அவை கண் கூசும் வெளிச்சமாகவே அமைகின்றன. ஒரு வீதிக்கு விளக்கு வைப்பது வேறு. உயிர் கொடுப்பது வேறு.

ஆகவே, நடைவீதியொன்றிலே தற்காலிக முகப்பு அமைக்க விரும்பும் நகரசபை மேற்கூறிய வரலாற்றிலிருந்து சில நியதிகளைப் பெறலாம். முகப்பு நடப்போரின் கண்மட்டத்துக்கும் நடைவேகத்துக்கும் ஏற்றதாய் இருத்தல் வேண்டும். நின்று பார்ப்பதற்கு முன்னே இடமும் வேண்டும். எளிய பொருள்களால், அவ்வூர்க் கைவினைஞரின் கையாலே ஆக்கப்படல் நன்று; அப்போதுதான் பழுதுபட்டதை உடனே திருத்தலாம், பிரித்தபின் பலகையையும் துணியையும் வேறு பயனுக்கு எடுக்கலாம். அதற்கு ஒரு முடிவுநாள் குறிக்கப்படல் வேண்டும். முடிவுநாள் உள்ளதையே மக்கள் நாடி வந்து பார்ப்பர், எதிர்ப்போரும் பொறுத்துக்கொள்வர். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிப்போக்கன் ஒருவன் செய்யும் ஒரு சிறு செயலுக்கேனும் அம்முகப்பு மாறிக் காட்டுதல் வேண்டும். அதற்குக் கணினிதான் வேண்டுமென்பதில்லை. குரிச்சிபாவிலே கடதாசியும் வண்ணமும் போதியனவாயின.

இவ்விலங்கையிலும் இக்கலை புதியதன்று. 1885ஆம் ஆண்டு வெசாக் தினம் பொது விடுமுறையாக்கப்பட்டது. அவ்விழாவை ஒட்டிக் கொழும்பிலும் பிற நகரங்களிலும் எழும் தோரணங்கள், கமுக மரத்தாலும் மூங்கிலாலும் சட்டம் கட்டி, புத்தரின் முற்பிறப்புக் கதைகளைத் தீட்டிய பலகைகளை அடுக்கி, ஆயிரக்கணக்கான மின்குமிழ்களாற் சூழப்பெறுவன. மின்குமிழ்கள் ஒழுங்குமுறையிலே எரிந்தணையுமாறு, செப்புத் தகடு பொருத்திய உருளையொன்றைச் சுழலவைக்கும் நுட்பத்தை இந்நாட்டு மின்வினைஞர் கணினி வருமுன்னரே கைக்கொண்டிருந்தனர். அவ்விரவுகளிலே குடும்பம் குடும்பமாக மக்கள் நடந்தே வீதியை நிறைக்கின்றனர். கோயில் வீதிகளிலே திருவிழாவுக்கென எழும் சப்பரமும், வாயிலிலே கட்டப்படும் குலைவாழையும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

மரச்சட்டம் கட்டும் கையும், விளக்கை ஒழுங்குபடுத்தும் கையும், கூடிவரும் கால்களும் இந்நாட்டிலே உள்ளன. தோரணத்தின் முன்னே நின்று கதையைப் பார்த்துச் செல்லும் சிறுவன், ஒருநாள் தானும் அதிலே ஒரு விளக்கை ஏற்றிவைக்க இடமளிக்கப்படுமாயின், அவ்வீதி அவனுக்கு வெறும் வழியாக இராது, அவனுடைய ஊராகிவிடும். காவிரிப்பூம்பட்டினத்து முரசு அரண்மனையை அலங்கரிக்குமாறு எவருக்கும் ஆணையிடவில்லை. உங்கள் வீதியை நீங்களே அலங்கரியுங்கள் என்றே அது நகர மக்களை அழைத்தது. வீதிகளை மக்களுக்கு மீட்டளிக்க முனைவோர் அந்த அழைப்பை மறவாதிருத்தல் நன்று.